நிழலுக்கு அளவுப் புத்தகம் இல்லை

சேலம் மாவட்ட கெஸட்டியரைப் புரட்டியவர்களுக்கு எஃப்.ஜே. ரிச்சர்ட்ஸ் என்ற பெயர் புதிதாக இருக்காது. 1918இல் வெளிவந்த அந்தப் பெரிய நூலைத் தொகுத்த ஐ.சி.எஸ். அதிகாரி அவர். 1909இல் பெங்களூரில் மிதிக் சொஸைட்டி உருவாக முன்னின்றவரும் அவர்தான். பெங்களூர் சிவில் அண்ட் மிலிடரி ஸ்டேஷனின் கலெக்டராகவும் இருந்தார். கண்டோன்மெண்டின் வடக்குப் பக்கத்தில் இருக்கும் ரிச்சர்ட்ஸ் டவுன் அவருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது. கூரை முகப்பில் மரவேலை செய்த பழைய பங்களாக்கள், அகலமான தெருக்கள், நடுவே ஒரு பூங்கா. பங்களாக்களில் பல அடுக்குமாடிகளாகிவிட்டன. பூங்கா மட்டும் பூங்காவாகவே இருக்கிறது.

அப்படி இருப்பது தற்செயலல்ல. 1898இல் பெங்களூரைப் பிளேக் சூறையாடியது. அதன் பிறகுதான் நெரிசலிலிருந்து மக்களை வெளியே கொண்டுபோய், காற்றும் வடிகாலும் உள்ள இடங்களில் குடியமர்த்த வேண்டும் என்ற யோசனை வலுத்தது. பக்கத்தில் இருக்கும் ஃப்ரேஸர் டவுன் அந்த யோசனையின் பிள்ளை. ரிச்சர்ட்ஸ் டவுன் அதன் தம்பி. அந்தக் காலத்து நகரமைப்பாளர்களின் கணக்கில் பூங்கா அலங்காரத்துக்கு வைத்தது அல்ல. சாக்கடையும் குடிநீர்க் குழாயும் போல அதுவும் ஒரு சுகாதார ஏற்பாடு.

நூறாண்டுகளுக்குப் பிறகு இந்தப் பூங்காக்களின் தலைவிதி வேறொரு சொல்லில் அடங்கிவிட்டது. ‘மேம்பாடு’ என்பது அந்தச் சொல். ஒரு பூங்காவை மேம்படுத்தப் போகிறார்கள் என்ற செய்தி வந்தால் பெங்களூரில் காலை நடைக்கு வருகிறவர்கள் சந்தோஷப்படுவதில்லை. அண்ணாந்து மரத்தைப் பார்க்கிறார்கள். பிறகு தரையைப் பார்க்கிறார்கள். முதலாவது போய்விடுமோ என்றும், இரண்டாவது சிமெண்டாகிவிடுமோ என்றும் கவலை.

இந்தக் கவலைக்குக் காரணம் அதிகாரிகளின் ரசனைக் குறைவு என்று எளிதாகச் சொல்லிவிடலாம். பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் குற்றவாளியைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் ரசனையை விட்டுவிட்டு ஃபைலைத் தொடர்ந்து போக வேண்டும். ஒரு பூங்கா வேலை பிறந்து, வளர்ந்து, பில்லாகி முடியும் பாதையில்தான் கான்கிரீட் உள்ளே நுழைகிறது.

அந்தப் பாதை இப்படிப் போகிறது. பட்ஜெட்டில் ஒரு தொகை ஒதுக்கப்படுகிறது. பிறகு மதிப்பீடு தயாராக வேண்டும். வேலையை இனம் இனமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அளவும் விலையும் போட்ட பட்டியல்தான் மதிப்பீடு. விலையை என்ஜினீயர் தன் இஷ்டத்துக்குப் போட முடியாது. அரசின் விலைப்பட்டியல் புத்தகத்தில் என்ன இருக்கிறதோ அதுதான். பட்டியலில் இல்லாத பொருள் என்றால் மூன்று இடத்தில் விலை விசாரித்து, காரணம் எழுதி, மேலதிகாரியிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். பிறகு ஆடிட் கேள்வி கேட்கும். எனவே புத்திசாலி என்ஜினீயர் பட்டியலுக்குள்ளேயே நின்றுகொள்கிறார்.

பட்டியலில் எது இருக்கிறது? கான்கிரீட் கன மீட்டருக்கு இவ்வளவு. பேவர் பிளாக் சதுர மீட்டருக்கு இவ்வளவு. இரும்புக் கிரில் கிலோவுக்கு இவ்வளவு. கிரானைட் பலகை, பெயிண்ட், சுற்றுச்சுவர் எல்லாவற்றுக்கும் விலை உண்டு. செடிக்கும் புல்லுக்கும் தோட்டக்கலைப் பட்டியலில் விலை இருக்கிறது. ஆனால் அது அற்பம். ஒரு ஏக்கர் பூங்கா என்றால் சுமார் 4,047 சதுர மீட்டர். அதைச் சுற்றி 250 மீட்டர் நீளத்துக்கு ஒன்றரை மீட்டர் அகலத்தில் நடைபாதை போட்டால் 375 சதுர மீட்டர். அடித்தளம், மணல், பேவர் பிளாக், ஓரக்கல் என்று சில லட்சங்களைத் தின்றுவிடும். அதே பூங்காவில் 20 மரக்கன்று நடுவதற்கு ஒரு மீட்டர் நீள, அகல, ஆழத்தில் 20 குழி தோண்டினால் மொத்தம் 20 கன மீட்டர் மண்வேலை. கொஞ்சம் எரு, செம்மண், ஒரு மூங்கில் கழி. 50 லட்சம் ரூபாயை மார்ச் 31க்குள் செலவழிக்க வேண்டியவருக்கு மரக்கன்றால் என்ன பிரயோஜனம்?

மதிப்பீட்டுக்கு நிர்வாக ஒப்புதல் ஒன்று, தொழில்நுட்ப அனுமதி ஒன்று. முதலாவது, இந்த வேலை வேண்டுமா, பணம் இருக்கிறதா என்பதற்கு. இரண்டாவது, கணக்கு சரியா, வடிவம் சரியா என்பதற்கு. ‘இந்த இடத்தில் எத்தனை கிழவர்கள் உட்காருகிறார்கள், குழந்தைகள் எந்த மூலையில் விளையாடுகிறார்கள், மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது’ என்ற கேள்விகளுக்கு இரண்டு படிவத்திலும் இடம் கிடையாது. நிலவடிவமைப்பு நிபுணரை அமர்த்தும் வழக்கம் பெரிய திட்டங்களோடு நின்றுவிடுகிறது. வார்டுப் பூங்காவுக்கு உதவிப் பொறியாளரின் பழைய மதிப்பீடே படிவம். பேட்டையின் பெயரை மட்டும் மாற்றினால் போதும். நகரின் பல மூலைகளில் ஒரே மாதிரி எட்டுக்கோண மண்டபமும் ஒரே மாதிரி உடற்பயிற்சி இயந்திரங்களும் நிற்பதன் ரகசியம் இதுதான்.

அடுத்தது டெண்டர். இந்த விஷயத்தில் தென்னகம் முன்னோடி. 1998இல் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தை இயற்றியது. அடுத்த ஆண்டே கர்நாடகம் பொதுக் கொள்முதலில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் கொண்டுவந்தது. டெண்டர் அறிவிப்பு வெளிவர வேண்டும், காண்ட்ராக்டர்களுக்குப் போதிய அவகாசம் கொடுக்க வேண்டும், முன்கூட்டியே சொன்ன அளவுகோலின்படிதான் தேர்வு செய்ய வேண்டும், பாதிக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம் என்பதெல்லாம் சட்டமாயின. பின்னர் கம்ப்யூட்டர் வழியாக டெண்டர் வந்தது. டெண்டர் பெட்டியைச் சுற்றி ஆட்களை நிறுத்தி மற்றவர்களை விரட்டும் பழைய வழக்கம் அதோடு பெரும்பாலும் செத்தது. இது சின்னச் சாதனை அல்ல.

2017இல் கர்நாடகம் இன்னொன்றும் செய்தது. 50 லட்சம் ரூபாய் வரையிலான வேலைகளில் தாழ்த்தப்பட்ட வகுப்புக் காண்ட்ராக்டர்களுக்கு 17.15 சதவீதமும் பழங்குடியினருக்கு 6.95 சதவீதமும் ஒதுக்கியது. 2023இல் அந்த வரம்பு 1 கோடி ஆனது. வார்டுப் பூங்கா வேலைகள் பெரும்பாலும் இந்தத் தொகைக்குள் வருபவை. தலைமுறை தலைமுறையாகப் பூங்காவில் மண் சுமந்தவர்களின் வீட்டுப் பிள்ளைகள் அதே பூங்காவின் காண்ட்ராக்டைக் கேட்க முடிந்ததற்கு இந்தச் சட்டமும் ஒரு காரணம்.

சட்டத்தில் வாசல் இருந்தால் சந்தும் இருக்கும். கர்நாடகச் சட்டத்தின் 4ஆம் பிரிவில் விலக்குகள் வரிசையாக இருக்கின்றன. அதில் ‘ஜி’ என்ற உட்பிரிவு பெங்களூர் பத்திரிகை வாசகர்களுக்கு மனப்பாடம். அரசு ஒரு அறிவிக்கை மூலம் குறிப்பிட்ட வேலைக்கு டெண்டரிலிருந்து விலக்கு அளிக்கலாம். வெள்ளம், கொள்ளைநோய் போன்ற அவசரங்களுக்கு அது வேண்டியதுதான். ஆனால் அவசரம் என்பதற்கு அகராதியில் ஒரு பொருள், விதான சௌதாவில் வேறு பொருள். விலக்கு பெற்ற அரசு நிறுவனத்திடம் வேலையைக் கொடுப்பது, அது தன் கீழ் சில்லறைக் காண்ட்ராக்டர்களை அமர்த்திக்கொள்வது என்ற ஏற்பாடு கட்சி வேறுபாடில்லாமல் ஆட்சிகளுக்குப் பிடித்துப்போனது. இன்னொரு சந்து, பெரிய வேலையைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் வரம்புக்குக் கீழே அடக்குவது. சுவர் ஒரு வேலை, சுவருக்கு வண்ணம் இன்னொரு வேலை, கேட் மூன்றாவது.

டெண்டரில் குறைந்த விலை கேட்டவருக்கு வேலை. போட்டி கடுமையானால் மதிப்பீட்டுக்கும் 20, 25 சதவீதம் கீழே இறங்கிக் கேட்பவர்கள் உண்டு. அந்தக் குறைவு எங்கேயாவது ஈடுகட்டப்பட வேண்டும். கண்ணுக்குத் தெரியும் இடத்தில் அது நடக்காது. பேவர் பிளாக்குக்கு அடியில், இரும்புக் குழாயின் கனத்தில், கேட்டைச் சுவரோடு பிடிக்கும் கீலில் நடக்கும். 2024 செப்டம்பரில் மல்லேஸ்வரத்தில் மாநகராட்சி விளையாட்டு மைதானத்தின் இரும்புக் கதவு சாய்ந்து விழுந்து 11 வயதுச் சிறுவன் இறந்தான். விளையாட உள்ளே நுழையும்போது நடந்தது. அந்தக் கதவு எந்தக் காரணத்தால் விழுந்தது என்பது விசாரணைக்குரிய விஷயம். இங்கே தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனால் பூங்கா வேலை என்றால் பூச்செடி விவகாரம் என்று நினைத்துக்கொண்டிருந்த நகரம் ஒரு நாள் தூக்கம் கெட்டது. புதிதாகப் போடுவதற்கு ஓடி வரும் பணம், போட்டதைச் சரிபார்க்க வருவதில்லை. கதவின் கீலுக்கு எண்ணெய் விடுவதற்குக் கல்வெட்டுத் திறப்பு விழா கிடையாதே.

வேலை முடிந்ததும் அளவுப் புத்தகம். என்ஜினீயர்களும் காண்ட்ராக்டர்களும் ‘எம்.புக்’ என்பார்கள். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வரும் ஏற்பாடு. பக்கங்களுக்கு எண் உண்டு. ஒரு பக்கத்தைக் கிழிக்க முடியாது. எழுதியதை அழிக்கக் கூடாது, கோடு போட்டு அடித்துக் கையெழுத்துப் போட வேண்டும். என்ஜினீயர் இடத்துக்கே போய் நீளம், அகலம், ஆழம் அளந்து எழுத வேண்டும். அதன் அடிப்படையில்தான் பில். காண்ட்ராக்டருக்கு வேதமும் அதுதான், ஜாதகமும் அதுதான். அந்தப் புத்தகத்தில் நிழலை எழுதக் கட்டம் இல்லை. ஒரு மரக்கன்று பத்து வருஷம் கழித்துத் தரப்போகும் குளிர்ச்சியை எந்த உதவிப் பொறியாளராலும் அளக்க முடியாது. பேவர் பிளாக்கை டேப் பிடித்து அளக்கலாம். அளக்க முடிந்ததற்குத்தான் பணம். பணம் வருவதுதான் கட்டப்படும்.

கிரும்பிகல் இந்தக் காலத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பாரோ! 1908இல் லால்பாக்கில் பொறுப்பேற்ற அந்த ஜெர்மன்காரர், பெங்களூர் சாலைகளில் ஒரு மரவகை பூத்து ஓயும்போது இன்னொன்று பூக்கத் தொடங்கும்படி வருஷம் முழுவதுக்கும் கணக்குப் போட்டு மரம் வைத்தவர். அவர் நட்டதன் பலனை நகரம் அனுபவிக்க இருபது, முப்பது வருஷம் பிடித்தது. மூன்று மாதத்தில் வேலையை முடித்துப் பயன்பாட்டுச் சான்றிதழ் கேட்கும் படிவத்தில் அவருடைய திட்டம் முதல் சுற்றிலேயே நிராகரிக்கப்பட்டிருக்கும்.

அளவுப் புத்தகம் பொய் சொல்லவும் கற்றுக்கொண்டது. 2011இல் பெங்களூர் மாநகராட்சியின் தொழில்நுட்பக் கண்காணிப்புப் பிரிவு மூன்று கோட்டங்களின் என்ஜினீயரிங் வேலைகளைத் தோண்டியபோது நடக்காத வேலைகளுக்கும் பில் போயிருப்பதாகச் சொன்னது. சர்ச்சைக்குள்ளான தொகை சுமார் 1,500 கோடி ரூபாய். சி.ஐ.டி. விசாரணை வந்தது. பத்தாண்டு கழித்து, 2021இல், கர்நாடகக் காண்ட்ராக்டர்கள் சங்கம் பிரதமருக்கே கடிதம் எழுதியது. வேலையின் மதிப்பில் 40 சதவீதம் வரை கமிஷனாகக் கேட்கிறார்கள் என்பது புகார். அது 2023 சட்டமன்றத் தேர்தலின் முழக்கமாகவே ஆகிவிட்டது. ஆட்சி மாறியதும் பழைய வேலைகளை ஆராயக் குழுக்கள் போட்டார்கள், பில்களை நிறுத்திவைத்தார்கள். ஒழுங்காக வேலை செய்தவரின் பில்லும் அதில் சிக்கியது. வாங்கிய கடனுக்கு வட்டி கட்ட முடியாத சிறு காண்ட்ராக்டர் அடுத்த டெண்டரில் அந்த வட்டியையும் சேர்த்துத்தான் கேட்பார். அல்லது தோட்டக்காரனின் கூலியில் கை வைப்பார்.

தோட்டக்காரர்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பெங்களூர் மாநகராட்சியின் பூங்காக்கள் ஆயிரத்துக்கும் மேல். அவற்றைத் துறையின் நிரந்தர ஊழியர்கள் பராமரித்த காலம் போய், பல பூங்காக்களைக் கட்டாகச் சேர்த்து வருடாந்திரக் காண்ட்ராக்டில் விடும் வழக்கம் வந்தது. காகிதத்தில் பரப்பளவுக்கு இத்தனை ஆட்கள் என்று இருக்கும். காலையில் பூங்காவில் எண்ணிப் பார்த்தால் விடை வேறாக வரும். பராமரிப்புக் காண்ட்ராக்ட் வருஷத்துக்கு வருஷம் மாறும். செடி அப்படி மாறாது. எந்தச் செடிக்கு எப்போது தண்ணீர் வேண்டும், எந்தக் கிளை பட்டுப்போயிருக்கிறது என்று தெரிந்த ஆள் காண்ட்ராக்டரோடு சேர்ந்து போய்விடுகிறார்.

தண்ணீர் என்றதும் 2024 மார்ச் நினைவுக்கு வரும். ஏரிகளும் போர்வெல்களும் கையை விரித்தன. குடிநீரைத் தோட்டத்துக்கும் கார் கழுவவும் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் உத்தரவிட்டது. மேம்பாடு என்ற பெயரில் போட்ட கொரியன் புல்லெல்லாம் அந்தக் கோடையில் பழுப்பு நிறமாயிற்று. கப்பன் பூங்காவும் லால்பாக்கும் ஓரளவு தப்பித்தன. அவை மாநகராட்சியிடம் இல்லை. மாநிலத் தோட்டக்கலைத் துறையின் கீழ் இருப்பவை. சுத்திகரித்த கழிவுநீர் அங்கே போகிறது. கப்பன் பூங்காவில் மூடிக்கிடந்த பழைய கிணறுகளையும் தூர்வாரினார்கள். மழைநீரை உள்ளே இறக்கப் புதுக் கிணறுகள் தோண்டினார்கள். அதைச் செய்தவர்கள் மண்ணு வட்டர்கள் – நம்மூரில் ஒட்டர் என்று சொல்லும் அதே கிணறு வெட்டும் மரபினர். இந்த வேலைக்குச் செலவு குறைவு, பலன் அதிகம். திறப்பு விழாவில் காட்டத்தான் ஒன்றும் இருக்காது. எல்லாம் பூமிக்குள்ளே இருக்கிறது.

பூங்காவில் எது வேண்டும் என்று தீர்மானிப்பது யார்? காகிதத்தில் இதற்குப் பதில் இருக்கிறது. 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் பெரிய நகரங்களில் வார்டு கமிட்டிகள் இருக்க வேண்டும் என்றது. பெங்களூரில் 198 வார்டுகளுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட கார்ப்பரேட்டர்கள் 2020 செப்டம்பர் வரை இருந்தார்கள். அந்த மன்றத்தின் காலம் முடிந்ததும் தேர்தல் தள்ளிப்போனது. வருஷக்கணக்கில் அதிகாரிகளும் எம்.எல்.ஏ.க்களும் நகரை நடத்தினார்கள். 2025 செப்டம்பரில் பழைய மாநகராட்சியே போய், கிரேட்டர் பெங்களூர் ஆணையத்தின் கீழ் ஐந்து மாநகராட்சிகள் பிறந்தன. நிர்வாகத்தின் பெயர்ப்பலகை மாறும்போதெல்லாம் பூங்காவின் ஃபைல் ஒரு அலுவலகத்திலிருந்து இன்னொரு அலுவலகத்துக்குப் போகிறது. போகும் வழியில் சில ஃபைல்கள் இளைத்துவிடுகின்றன.

ஒரே பூங்காவுக்குள்ளேயே எத்தனை எஜமானர்கள்! செடி தோட்டக்கலைப் பிரிவுக்கு. சுவரும் நடைபாதையும் என்ஜினீயரிங் பிரிவுக்கு. விளக்கு மின் பிரிவுக்கு. ஒரு கிளையை வெட்ட வேண்டுமானாலும் 1976ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டப்படி மர அதிகாரியின் அனுமதி. நடைபாதை போடும் காண்ட்ராக்டரின் ஆட்கள் மரத்தின் அடிமரம் வரைக்கும் சிமெண்டால் அடைத்துவிட்டுப் போவார்கள். மரம் தோட்டக்கலைத் துறையின் பொறுப்பு, சிமெண்ட் என்ஜினீயரிங் துறையின் பொறுப்பு. வேர் மூச்சுத் திணறிச் செத்து மரம் விழுந்தால் அது மழைக்காற்றின் பொறுப்பு.

பூங்காவையே விழுங்கப் பார்த்த கதையும் இந்த நகரத்தில் உண்டு. சதாசிவ நகரில், ராஜ்மகால் விலாஸ் எக்ஸ்டென்ஷன் லேஅவுட்டில் பூங்காவுக்கென்று விட்ட இடத்தை, முதலமைச்சரின் உத்தரவை முன்னிட்டு, நகர வளர்ச்சி ஆணையம் ஒரு மருத்துவ டிரஸ்டுக்கு நர்ஸிங் ஹோம் கட்ட ஒதுக்கியது. ஆஸ்பத்திரியும் நல்ல காரியம்தானே என்று வாதம். அக்கம்பக்கத்துக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். ஹைகோர்ட்டில் முதலில் தோற்று, பெஞ்சில் ஜெயித்தார்கள். 1991 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் அவர்கள் பக்கம் நின்றது. பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் எதிர் பி.எஸ். முத்தப்பா என்ற அந்த வழக்கு நாடு முழுவதும் பூங்காக்களைக் காப்பாற்றும் கேடயமாயிற்று. ஒரு காலத்தில் பூங்கா என்பது ராஜாக்களும் பிரபுக்களும் மனமிரங்கிக் கொடுத்தது. இப்போது அது மக்கள் தங்களுக்குத் தாங்களே கொடுத்துக்கொண்ட கொடை என்ற பொருளில் நீதிபதி ஆர்.எம். சஹாய் எழுதினார். பூங்காக்களைப் பாதுகாக்கச் சென்னையில் 1959 முதலும் கர்நாடகத்தில் 1985 முதலும் தனிச் சட்டங்கள் உண்டு. ஆனால் இடத்தைக் காப்பாற்றும் சட்டங்கள் அவை. அந்த இடத்துக்குள் எவ்வளவு சிமெண்ட் என்பதைப் பெரும்பாலும் மதிப்பீடுதான் முடிவு செய்கிறது.

என்ன வைப்பது என்பதும் எப்போதும் அப்பாவித்தனமான கேள்வியல்ல. ரிச்சர்ட்ஸ் டவுனுக்குக் கொஞ்ச தூரத்தில், அல்சூர் ஏரிக்கரையில், திருவள்ளுவர் சிலை 1991 முதல் 18 வருஷம் மூடியபடியே நின்றதைத் தமிழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2009 ஆகஸ்ட் 9 அன்று இரண்டு மாநில முதலமைச்சர்களும் சேர்ந்து நின்று திரையை விலக்கினார்கள். சிலைக்கு அவ்வளவு பாடு. பெஞ்சுக்கும் ஒரு தலைவரின் பெயரைப் பொறிக்காமல் விட மனசு வருவதில்லை.

வேறு மாதிரி செய்ய முடியாதா? சென்னையில் ஒரு தடவை செய்தார்கள். அடையாறு கழிமுகத்தில் குப்பைமேடாகவும் கட்டட இடிபாடுகளாகவும் கிடந்த 58 ஏக்கரை மீட்க முதலில் ஒரு தனி டிரஸ்ட் அமைத்தார்கள். ஆரோவிலைச் சேர்ந்த பிச்சாண்டிக்குளம் குழுவிடம் திட்டம் கேட்டார்கள். அந்தக் குழுவினர் முதலில் தண்ணீர் எப்படிப் போகிறது, எந்தச் செடி உப்பைத் தாங்கும், எந்தப் பறவை வருகிறது என்று பார்த்தார்கள். பிறகுதான் மண்வெட்டி. 2011 ஜனவரியில் தொல்காப்பியப் பூங்கா என்ற பெயரில் திறப்பு. பொதுமக்கள் இஷ்டப்படி போய் உலவ முடியாதபடி கதவை இறுக்கிவைத்தார்கள் என்ற குறை நெடுநாள் இருந்தது. ஆனால் திட்டம் முதலில், டெண்டர் பிறகு என்ற வரிசை அங்கே தலைகீழாகவில்லை. பெங்களூரிலேயே பழைய மத்தியச் சிறைச்சாலையைச் சுதந்திரப் பூங்காவாக மாற்றியபோது கட்டடக் கலைஞர்களுக்குப் போட்டி வைத்து வடிவத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். 2008இல் திறந்த அந்தப் பூங்கா, எமர்ஜென்ஸியில் தலைவர்கள் அடைபட்ட கொட்டடிகளை இடிக்காமல் வைத்திருக்கிறது. இரண்டும் பெரிய திட்டங்கள். தெருமுனைப் பூங்காவுக்கு யார் போட்டி வைப்பார்கள்?

நியூயார்க்கில் தெருமுனைப் பூங்காவுக்கும் ஒரு ஏற்பாடு இருக்கிறது. அந்நகரப் பூங்காத் துறை ஒவ்வொரு வேலையையும் வடிவமைப்பு, கொள்முதல், கட்டுமானம் என்று மூன்றாகப் பிரித்து, எது எத்தனை சதவீதம் முடிந்திருக்கிறது, பணம் எங்கிருந்து வந்தது, ஏன் தாமதம் என்று எவரும் பார்க்கும்படி வெளியிடுகிறது. வடிவமைப்புக்கு முன்னால் பேட்டைக்காரர்களைக் கூப்பிட்டு என்ன வேண்டும் என்று கேட்கிறார்கள். சொர்க்கம் என்று நினைக்க வேண்டாம். மூன்று கட்டமும் முடிய வருஷங்கள் ஓடிவிடுகின்றன. ஒரு பூங்காக் கழிப்பறைக்கு 20 லட்சம் டாலர் ஆனது என்று அந்த ஊர்ப் பத்திரிகைகளே கிழித்தன. ஆனாலும் திட்டுவதற்கு வேண்டிய தகவலைத் துறையே கொடுத்துவிடுகிறது.

நம் ஊரில் அந்தத் தகவலைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். கேட்க வழி இருக்கிறது. 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் ஃபைலின் நகல் வாங்குவதோடு நின்றுவிடவில்லை என்பது பலருக்குத் தெரியாது. அதன் 2ஆம் பிரிவின் ‘ஜே’ உட்பிரிவு, நடக்கும் வேலையை நேரில் ஆய்வு செய்யவும், பயன்படுத்தும் பொருளின் மாதிரியைச் சான்றளித்து வாங்கிக்கொள்ளவும் சாதாரணக் குடிமகனுக்கு உரிமை தருகிறது. காலை நடை முடித்து வரும் ஓய்வுபெற்ற ஆசிரியை 10 ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பம் போட்டால், தன் பூங்காவின் மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகத்தின் பக்கங்கள், குறைபாட்டுப் பொறுப்புக் காலம் எந்தத் தேதி வரை என்ற விவரம் எல்லாவற்றையும் கேட்கலாம்.

கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். குறைபாட்டுப் பொறுப்புக் காலத்துக்குள் பேவர் பிளாக் பெயர்ந்தாலோ கேட் ஆடினாலோ காண்ட்ராக்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். அவருடைய வைப்புத் தொகை துறையிடம்தான் இருக்கிறது. அந்தத் தேதி தெரியாமல் புகார் கொடுத்தால் துறை புதிதாக ஒரு மதிப்பீடு போடும். அதே வேலைக்கு இரண்டாம் தடவை பணம் போகும். தேதி தெரிந்து கொடுத்தால் பழைய காண்ட்ராக்டரே கொத்தனாரோடு வர வேண்டியிருக்கும்.